ஆறு நிமிட நடை

புதிதாகப் பிசியோதெரபி வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் பேச வேண்டும் என்று உங்கள் மேலதிகாரிகள் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பலவீனமான இதயத்தோடு வருகிறவர்களை எப்படி நடக்க வைப்பது, எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகங்களில் தெளிவாக இருக்கிறது. நான் படித்த காலத்தில், இதயம் கெட்டவர்களைப் படுக்கையைவிட்டு அசையவிடக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு எல்லாம் மாறியது. மாறியதை வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்ட தலைமுறை நான். அப்படிக் கற்றுக்கொண்ட நாட்களில் ஒருவரிடம் தப்புச் செய்தேன். எந்தக் கூட்டத்திலும் அதை நான் சொன்னதில்லை. இன்று அதை மட்டும் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, இதய நோயாளிகளுக்கென்று மாடியில் ஒரு பயிற்சி அறை திறந்தார்கள். அதன் பொறுப்பு என்னிடம் வந்தது. மதுரைக்குப் போய் நெஞ்சில் கருவி வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள், வாராவாரம் அவ்வளவு தூரம் போக முடியாமல் எங்களிடம் வருவார்கள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள்தான் அதிகம்.

அந்தக் கருவியை எல்லோரும் பெட்டி என்றே சொல்வார்கள். இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும். சிலருக்கு அது துடிப்பை எடுத்துக் கொடுப்பதோடு சரி. சிலருக்கு வைக்கும் பெட்டி இன்னொரு வேலையும் செய்யும். துடிப்பு நிமிடத்துக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால், உயிருக்கு ஆபத்தான துடிப்பு என்று முடிவுசெய்து உள்ளேயே ஒரு மின் அதிர்ச்சி கொடுக்கும். அந்த எண் ஆளுக்கு ஆள் வேறு. நடக்கும்போது அவருடைய துடிப்பு அந்த எண்ணுக்குப் பத்து, இருபதாவது கீழே நிற்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். அன்று எனக்கும் தெரியும்.

பெருமாள்சாமி எம்.ரெட்டியபட்டிக்காரர். அறுபது வயதுக்கு இரண்டு மூன்று குறைவு. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு, மழையை நம்பி வெள்ளாமை செய்தவர். ஒருமுறை மாரடைப்பு வந்து, அதிலிருந்து இதயம் மெலிந்துபோய், இரண்டு தடவை வீட்டிலேயே மயங்கி விழுந்த பிறகு மதுரையில் இரண்டாம் வகைப் பெட்டியை வைத்து அனுப்பியிருந்தார்கள். மனைவி சீதாலட்சுமிதான் கூடவே வருவார். அவரை அண்ணே என்றும் மனைவியை மதினி என்றும் நான் கூப்பிட ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும் இருவரும் என்னை டாக்டரம்மா என்றே அழைத்தார்கள்.

முதல் நாள் அவர் இடது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்தபடியே வந்தார். தூக்கினால் உள்ளே இருக்கும் வயர் பிய்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆரம்ப வாரங்களில் அந்த எச்சரிக்கை சரிதான். ஆனால் அவர் அந்த வாரங்களைத் தாண்டியும் கையை அசைக்காமல் தோளை இறுக விட்டிருந்தார். பயிற்சி கொடுத்துத் தோளை மெதுவாக இளக்கிவிட்டேன். மூன்று வாரத்தில் தலை சீவுகிற அளவுக்குக் கை மேலே வந்தது. மாடி வராந்தாவில் ஒரு முனையில் ஒரு நாற்காலி, மறுமுனையில் ஒரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவே மெதுவாக நடப்பார். நடக்கும்போது வாய் ஓயாது. பருத்தியில் விழுந்த பூச்சி, மயிலும் காட்டுப்பன்றியும் செய்கிற அழிச்சாட்டியம், பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பை வெட்டிய கதை. அவர் பேசிக்கொண்டே நடப்பது எனக்குப் பிடிக்கும். என்னிடம் வந்தவர்களில் அவரைப்போல் தேறியவர் அப்போது வேறு யாரும் இல்லை.

ஒருநாள் எங்கள் பயிற்சி அறையைப் பார்க்க மதுரையிலிருந்து இரண்டு டாக்டர்கள் வருவதாகச் சொன்னார்கள். யாரை நடக்கவைத்துக் காட்டுவது என்று எங்கள் தலைமை மருத்துவர் கேட்டார். நான் யோசிக்காமல் பெருமாள்சாமி பெயரைச் சொன்னேன். ஆறு நிமிட நடை என்று ஒரு சோதனை உண்டு. ஆறு நிமிடத்தில் ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பது. அதை அவருக்கு அன்று செய்வதாக ஏற்பாடு.

அன்று காலை அவரும் மனைவியும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். சாப்பிடாமல் வந்தார்கள் என்பதும், சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரையை அவர் போடவில்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. துடிப்பைக் கட்டுக்குள் வைக்கிற மாத்திரை அது. காலையில் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பது என்னுடைய வேலை. கேட்கவில்லை. பெட்டி வைத்தவர்கள் கையில் ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் அந்த எண் இருக்கும். அட்டையைக் கேட்டேன். மனைவியின் பையில் இருக்கிறது, அவர் மருந்து வாங்கும் வரிசையில் நிற்கிறார் என்றார். வந்த டாக்டர்கள் இருவரும் ஏற்கெனவே வராந்தாவின் அந்த முனையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே போய் அட்டையை வாங்கி வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதுவரை நான் பார்த்தவர்களுக்கெல்லாம் நூற்றெண்பதுக்குக் குறைந்து அந்த எண் இருந்ததில்லை. இவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று வாரமாக மெல்லத்தான் நடந்தார் என்பதால் அந்தக் கேள்வியே அதுவரை எழவில்லை. முதல் நாளே நான் பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது நிமிடம்வரை நன்றாகவே நடந்தார். அன்று அவர் பேசவில்லை. பெரிய டாக்டர்கள் நிற்கிறார்கள், அதனால் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். பேச மூச்சு போதாமல்தான் பேசவில்லை என்பது என் புத்தியில் ஏறவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்தி நாடி பார்த்திருக்கலாம். நிறுத்தினால் தூரம் குறையும். என் பக்கமாகத் திரும்பி என்னைக் கடந்தபோது கேள்வியோடு என்னைப் பார்த்தார். போதுமா என்று கேட்பது போலிருந்தது. நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் எட்டி வைங்கண்ணே."

எட்டி வைத்தார்.

வராந்தாவின் பாதியில் அவர் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையையும் சுவரில் ஊன்றி முழங்காலில் உட்கார்ந்தார். நான் ஓடினேன். நினைவு இருந்தது. கண் என்னைத்தான் தேடியது. "மாடு முட்டுன மாதிரி இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் முட்டுமா என்று மட்டும் கேட்டார். முட்டாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவரை அன்றே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பிப் பெட்டியைச் சோதித்தார்கள். பெட்டியில் கோளாறு இல்லை. ஆபத்தான துடிப்பு எதுவும் வரவும் இல்லை. வேகமாக நடந்ததால் கூடிய சொந்தத் துடிப்பைத்தான் பெட்டி தப்பாக எடுத்துக்கொண்டது. அவருக்கு வருகிற ஆபத்தான துடிப்பு மற்றவர்களுக்கு வருவதைவிடக் குறைந்த வேகத்தில் வருவது. அதனால் அவருக்கு அந்த எண்ணை நூற்று நாற்பதில் வைத்திருந்தார்கள். அட்டையில் அது பெரிய எழுத்தில் இருந்தது.

சாயங்காலம் தலைமை மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. திட்டவும் இல்லை. நடந்ததைப் பெருமாள்சாமியின் கோப்பில் எழுதி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். நான் கோப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். எனக்கு அப்போது ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. அறை திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நான் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. பேனாவை எடுத்து, நோயாளி அறிவுறுத்தப்பட்டதைவிட வேகமாக நடந்தார் என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மதுரையிலிருந்து பெருமாள்சாமி திரும்பி வந்ததும் தலைமை மருத்துவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சீதாலட்சுமியிடம் அதையே சொன்னார். சொன்ன அளவுக்கு மேல் நடந்துவிட்டார், இனிமேல் நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று. நானும் அந்த இடத்தில் நின்றேன். சீதாலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தார்.

"பெரிய டாக்டருக இருக்காகன்னு ஓடிக் காட்டுனீகளாக்கும்?"

பெருமாள்சாமி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கைப்பேசி எண் என்னிடம் இருந்தது. வராதவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது என் வழக்கம். அவரை மட்டும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய நேரம் வந்து, வராந்தா காலியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அட்டையைப் பார்க்காமல் நடக்கவிட்டது ஒரு நாள் தப்பு. இது வாராவாரம் செய்த தப்பு.

நாலு மாதம் கழித்து, சீதாலட்சுமி மாத்திரை வாங்கத் தனியாக வந்திருந்தார். நான் பார்க்காததுபோல் போயிருப்பேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பெட்டிதான் ஓடுது டாக்டரம்மா. ஆளு ஒக்காந்த எடத்துலயே இருக்காக. ஒங்க பேச்ச கேட்டு நடந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா? அவுகளால ஒங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்கிறாதீக."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. நான் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். பயிற்சி அறையில் யாருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையம்பட்டியில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி, டவுனில் பஸ் மாறி எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். மழை பொய்த்த வருடம். பருத்தி முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. வழி நெடுகச் சீமைக்கருவேலம்தான் பச்சையாக இருந்தது.

பெருமாள்சாமி வாசல் தகரக்கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மறுபடியும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை. "வாங்க டாக்டரம்மா" என்றார். குளிக்க, வெளியே போக மட்டும் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு எழுவார் என்று சீதாலட்சுமி சொன்னார். கொஞ்சம் படபடப்பு வந்தாலும் அடுத்து அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொள்வாராம். சிரிக்கக்கூட மாட்டார், இருமலை அடக்கிக்கொள்வார். ஒரே ஒரு தடவை விழுந்த அதிர்ச்சி அவரை நாலு மாதம் அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று அவரை நடக்கவைத்தே தீர வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. நாலு மாதத்தை ஒரே நாளில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கையைக்கூட நீட்டிவிட்டேன், பிடித்துக்கொண்டு எழுங்கள் என்று சொல்ல. அப்போதுதான் வேட்டிக்குக் கீழே அவர் காலைப் பார்த்தேன். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. இரண்டு நாளாகத் தலையணையை உயர்த்தி வைத்துத்தான் தூங்குவதாகச் சொன்னார். உடம்பில் நீர் கோத்திருக்கும் ஆளை நடக்கவைக்கக் கூடாது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நம் குற்ற உணர்ச்சிக்கு மருந்தாக ஒரு நோயாளியை நடக்கவைத்துவிடலாம். மறுபடியும் அவரைத்தான் அது முட்டும். அன்று டாக்டரிடம் கூட்டிப்போய் நீர் பிரியவைக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டு வந்ததோடு சரி.

எடை குறைந்து, கால் வற்றி, மூச்சுத் திணறல் அடங்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் நான் மதுரையில் பெட்டி வைத்த டாக்டரிடம் பேசினேன். பெருமாள்சாமியின் எண்ணை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, முடிந்த அளவு உயர்த்தினார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன்.

முதல் ஞாயிறு அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, நின்று, உட்கார்ந்தார். மூன்று தடவை. அதற்கே வேர்த்துக் கொட்டியது. உழைப்பில் வந்த வேர்வை அல்ல, பயத்தில் வந்தது. இரண்டாம் ஞாயிறு வாசல்வரை. மூன்றாம் ஞாயிறு தெருவில் இருந்த தண்ணீர்த் தொட்டிவரை. நாடியை மட்டும் நம்பாதீர்கள் என்று அவருக்கும் மதினிக்கும் சொல்லிக்கொடுத்தேன். பெட்டியும் மாத்திரையும் சேர்ந்து நாடியை மாற்றிக் காட்டும். நடக்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள், பேச்சு உடைந்தால் நின்றுவிடுங்கள் என்றேன். அவர் எதுவும் பேசாமல் நடந்தால் மதினி ஏதாவது கேட்பார். பதில் வரவில்லை என்றால் உட்காரவைத்துவிடுவார்.

கேட்பதில் பாதி வசவாகவே இருக்கும். "இப்ப மெல்ல நடக்கத் தெரியுதுல்ல? அன்னைக்கு எங்க போச்சு புத்தி?" என்பார். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு இடத்தில் இது வரும். அவர் பதில் சொல்ல மாட்டார். நான் வரப்பைப் பார்ப்பேன், பருத்தியைப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு சீதாலட்சுமி கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும் மட்டும். தொட்டியின் ஓரத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தேன். அண்ணே, அன்னைக்கு நான்தான் என்று தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குக் காது நல்லாத்தான கேக்குது. நீங்க சொன்னதும் தெரியும், பெறகு எழுதுனதும் தெரியும்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒங்களத் தூக்கிருவாக. பெறகு எனக்கு யாரு நடக்கச் சொல்லித் தருவா? நீங்க என்னைக்காச்சும் வருவீகன்னு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கென்ன, வசவுதான. முப்பது வருசமா வாங்குறது."

சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவரே மன்னித்துவிட்டார், இனி மதினியிடம் சொல்லி வீட்டில் ஏன் குழப்பம் உண்டாக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நான் வருவேன் என்று நாலு மாதம் காத்திருந்தார் என்பதைக்கூட அன்று நான் நின்று யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பஸ் நிறுத்தம்வரை தனியாக நடந்துபோய், டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருமுறை தன் புஞ்சைவரை போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பழைய ஆள் இருந்தார்.

சித்திரையில் மறுபடியும் நீர் கோத்தது. இந்தத் தடவை மாத்திரைக்கு அடங்கவில்லை. எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். இதயம் மேலும் மெலிந்திருந்தது. உடற்பயிற்சியாலும் அல்ல, உடற்பயிற்சி இல்லாமையாலும் மட்டும் அல்ல, நோய் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது என்று தலைமை மருத்துவர் சொன்னார். அது உண்மைதான். அந்த நாலு மாதம் அவருக்கு எதைப் பறித்தது என்று மட்டும் யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

வார்டில் ஒருநாள் மத்தியானம் என்னிடம் கேட்டார்.

"உசுரு போறப்ப இது என்னய அடிக்குமா டாக்டரம்மா?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் ஒருவர் கேட்பார். கேட்காதவர்கள் மனதிலும் இருக்கும். தெரியவில்லை என்றே சொன்னேன், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மதுரை டாக்டரிடம் விசாரித்தேன். கடைசிக் கட்டத்தில் அடிக்க வாய்ப்பு உண்டு என்றும், நோயாளியும் வீட்டாரும் சம்மதித்தால் அந்த அதிர்ச்சி கொடுக்கிற பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம், துடிப்பு கொடுப்பது தொடரும், அதனால் வலியும் இருக்காது என்றும் சொன்னார். சீதாலட்சுமி அழுதார், பிறகு ஒப்புக்கொண்டார். பெருமாள்சாமியின் கையெழுத்துதான் முதலில் விழுந்தது. நிறுத்தியாயிற்று என்று சொன்னபோது அவர் இடது கையை நெஞ்சிலிருந்து எடுத்துப் படுக்கையில் போட்டார். ஆறு நாள் கழித்து, சாயங்காலம் ஆகுமுன் இறந்துபோனார். அமைதியாக.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு முடியாது. அட்டையைப் பார்க்காமல் ஒருவரையும் நாற்காலியைவிட்டு எழுப்பாதீர்கள், எத்தனை பெரிய மனிதர்கள் காத்திருந்தாலும். அதிர்ச்சி வாங்கியவர் அடுத்த வாரம் வரவில்லை என்றால் அன்றே அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் பயத்தில் இருப்பார். கோப்பில் நீங்கள் எழுதுவது கோப்போடு நிற்கும் என்று நினைக்காதீர்கள். அது அவரோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகும். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனேன். சீதாலட்சுமி மட்டும் இருந்தார். மகள் கல்யாணமாகி மல்லாங்கிணற்றில் இருக்கிறாள், வந்து இருந்துவிட்டுப் போயிருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தார். அவரைப் பற்றியே பேசினோம். கொஞ்ச நேரத்தில் சீதாலட்சுமி, வழக்கமான கோபத்தோடு அல்ல, ஓய்ந்துபோய்ச் சொன்னார்.

"அன்னைக்கு மட்டும் அவுக ஓடாம இருந்திருந்தா."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் ஓடவில்லை, எட்டி வைக்கச் சொன்னது நான்தான் என்றேன். எண்ணைப் பார்க்காதது, மாத்திரையைக் கேட்காதது, கோப்பில் எழுதியது, தொட்டியடியில் அவர் என்னிடம் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முந்தானையின் நுனியை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார்.

"எம்புட்டு வைஞ்சிருப்பேன் அவுகள" என்றார். "சாகுறதுக்கு மொத நாளு கூடச் சொன்னேன். என்னிய இப்பிடி விட்டுட்டுப் போறீகளே, அன்னைக்கு ஓடாம இருந்திருக்கக் கூடாதான்னு. அவுக சரித்தான்னாக."

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர், நின்று கேட்டார்.

"அந்தக் காயிதம் இன்னும் ஆஸ்பத்திரியில இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

"அதுல அவுக ஓடுனதாத்தான இருக்கு. அத மாத்தி எழுதுங்க." அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றார்.

மறுநாள் காலை தலைமை மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆளே போய்விட்டார், முடிந்துபோன கோப்பு, இதை இப்போது எழுதி யாருக்கு என்ன லாபம், உங்களுக்குத்தான் வம்பு என்றார். அவர் சொன்னபடியே வம்பும் வந்தது. விளக்கம் கேட்டார்கள், பயிற்சி அறையின் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். மீதமிருந்த காலத்தைக் கீழ்த்தளத்தில் முழங்கால் வலிக்காரர்களைப் பார்த்து முடித்தேன்.

ஆனால் அன்று நான் கோப்பை வாங்கிக்கொண்டு போய், பழைய வரியை அடிக்காமல், அதற்குக் கீழே அன்றைய தேதி போட்டு, இப்படி எழுதிக் கையெழுத்திட்டேன்: மேலே நான் எழுதியது பொய். நோயாளி நான் சொன்னபடிதான் நடந்தார்.